பின்சீட்டு

பீட்சா சூடாவதற்குள் புத்தகம் கருகிவிட்டது.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நார்பர்ட் அடுப்பைத் திறந்து பார்த்தவனில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆர்லீன் அதை ஓவனுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அன்றைக்கென்று அவனுக்குப் பசி பொறுக்கவில்லை. புகைக்கு நடுவே இடுக்கியால் இழுத்து வெளியே போட்டான். மோட்டார் சைக்கிள் கையேடு. பழகுநர் லைசென்ஸுக்கு எழுத்துப் பரீட்சை எழுதுகிறவர்கள் படிப்பது.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

கேலி செய்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் முகமோ வெளுத்திருந்தது.

“வெர்னாவோடது” என்றாள், வாயில் வந்ததை.

“பக்கத்து வீட்டு வெர்னாவா? முட்டிவலியில அவளால நாலு படி ஏற முடியல!”

“அதான், உக்காந்துக்கிட்டே போற வண்டியாப் பாக்குறா.”

நார்பர்ட் சொல்லிவைத்ததில், ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்தில் மேஜை முழுக்க வெர்னா பைக் வாங்கப் போகும் பேச்சு. என்ன நிறத்தில் வாங்கப் போகிறாய் என்று யாரோ கேட்டார்கள். வெர்னா ஒரு கணம் ஆர்லீனைப் பார்த்தாள். பிறகு “சிவப்பு” என்றாள்.

தட்டு கழுவும் இடத்தில் ஆர்லீனைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, என் பேரைச் சொல்லி என்ன கூத்து அடிக்கிற?”

“நானே ஓட்டப் போறேன் வெர்னா. இனிமே அந்த உருளைக்கிழங்கு சாலட்டை அவன் கொண்டு வரட்டும்.”

வெர்னாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோடைக்காலம் வந்தால் ஞாயிறு மதியம் ஊர் ஆண்கள் ஏரிக்குப் பைக்கில் போவார்கள். மனைவிகள் பின்னால் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆர்லீன் மட்டும் காரில், பக்கத்து இருக்கையில் சாலட் கிண்ணத்துக்கு பெல்ட் போட்டு, கணவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே போவாள். பின்னால் கனம் இருந்தால் வளைவில் வண்டி ஆடும் என்பான் நார்பர்ட். மற்றவர்களின் மனைவிகள் ஒன்றும் ஊதினால் பறக்கிறவர்கள் இல்லை.

அவன் நெடுஞ்சாலைப் பக்கமே போகமாட்டான். வெயில் சாயத் தொடங்கியதும் கிளம்பிவிடுவான். கோழி கூண்டுக்குக் கிளம்பிடுச்சு என்று நண்பர்கள் சிரிப்பார்கள். அதையெல்லாம் அவள் சகித்துக்கொண்டாள். தைரியசாலியைத் தேடி ஒன்றும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அந்தக் காலி சீட்டு மட்டும் வருஷா வருஷம் அவள் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது.

“என்னை ஏன் பின்னால ஏத்த மாட்டேங்கிறேன்னு அவனையே கேட்டுர வேண்டியதுதானே?” என்றாள் வெர்னா.

கேட்டிருக்கலாம்தான். கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்கிற பயம்.

மறுநாள் நார்பர்ட், “வெர்னா புத்தகத்தை நானே குடுத்துட்டு வரேன்” என்று கருகிய கையேட்டைக் கையில் எடுத்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் வெர்னா அதை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

“இந்தா, படிச்சு முடிச்சுட்டேன்” என்று கண்ணடித்தாள். “நடுவுல ஒரு தாளைக் காணோம். என் கைக்கு வரும்போதே இல்ல.”

சாப்பாட்டு மேஜையில் ஆர்லீன் மெல்ல ஆரம்பித்தாள். “வெர்னா புத்தகத்துல ஒரு தாள் போயிருச்சாம்.”

“அவ நாய் தின்னிருக்கும்” என்றான் நார்பர்ட், தட்டைப் பார்த்தபடி.

வெர்னாவின் நாய்க்குப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். அது எப்படிக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அத்தனை நேராகத் தின்றது?

அப்படியென்றால் படிப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் தோற்கட்டும் என்று நினைக்கிறான். பின்னாலும் வரக்கூடாது, தனியாகவும் போகக்கூடாது. எதிரே உட்கார்ந்து பட்டாணியை ஒவ்வொன்றாகக் குத்திச் சாப்பிடும் இந்த மனிதனுக்கு நான் யார் என்று அவள் முதல்முறையாக யோசித்தாள். வரும் கோடையில் பைக் வாங்கினால் நார்பர்ட்டோடு ஏரிக்குப் போகப் போவதில்லை. வேறு திசையில் போவாள். எவ்வளவு தூரம் என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போனாள்.

லைசென்ஸ் அலுவலகத்தில் பியூலா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு விடைகளைத் திருத்தினாள். ஊரில் எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுத்தவள் அவள்தான்.

“பாஸ்! ஒண்ணே ஒண்ணுதான் தப்பு.”

“எது?”

“பழகுநர் லைசென்ஸ்ல பின்னால ஆளை ஏத்தலாமான்னு கேட்டிருக்கு. வீட்டு ஆளுன்னா ஏத்தலாம்னு போட்டிருக்கீங்க. யாரையும் ஏத்தக்கூடாது. இருட்டினப்புறம் ஓட்டக்கூடாது. நெடுஞ்சாலைப் பக்கம் போகவே கூடாது. ஓட்டிக் காட்டி முழு லைசென்ஸ் வாங்குற வரைக்கும் அப்படித்தான்.”

“அந்தத் தாள் என் புத்தகத்துல இல்ல” என்றாள் ஆர்லீன்.

“புத்தகம் எதுக்கு, உங்க வீட்டுக்காரரைக் கேட்டா தூக்கத்துலகூடச் சொல்லுவாரே!” பியூலா முத்திரையைக் குத்தினாள். “வருஷா வருஷம் வசந்தம் வந்தா இதே பரீட்சையை எழுதி பழகுநர் லைசென்ஸை மட்டும் புதுப்பிச்சுட்டுப் போயிடுறாரு, ஓட்டிக் காட்டுங்கன்னா, கை நடுங்குது, அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன், பின்சீட்டுக்கு ஒருத்தி காத்துக்கிட்டிருக்கான்னு சொல்றாரு.”