சாமி போட்ட பெல்ட்

ஐந்து வயது கயல்விழியைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினால், அது கழுத்தை அறுக்கிறது. முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டால், பெல்ட் போட்டும் போடாத மாதிரிதான். அம்மா இளமதிக்கு வழி தெரியவில்லை. ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, லாரிகளுக்கு நடுவே போய்வர வேண்டும்.

அப்பா பாலகுமாருக்கு வழி கிடைத்துவிட்டது. சிதம்பரத்தில் சின்னையன் சாமியின் வாகன ரட்சை! செப்புத் தகடும் மஞ்சள் கயிறும் ஆயிரத்து நூறு ரூபாய். சீட்டில் கட்டினால் விபத்து விலகி ஓடுமாம். அந்த ஞாயிறு போனால், சாமியின் வாசலில் அரை கிலோமீட்டருக்குக் கார் வரிசை. அத்தனையும் ஏர்பேக் வைத்த கார்கள். தகடு இருக்க ஏர்பேக் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள்; அபச்சாரம்.

"சாமி, புள்ளைக்கு பெல்ட் கழுத்துல வருது" என்றாள் இளமதி.

"பெல்ட்டே வேணாம்மா. ரட்சை கட்டிட்டா அம்மனே புடிச்சிக்குவா."

"அப்ப ஓட்டிப் பாத்துடலாமா?"

"ஏய், சாமிகிட்ட வம்பு பண்ணாத!" என்றார் பாலகுமார்.

திருஷ்டிக்கு உடைக்க அங்கேயே பூசணிக்காய் குவித்திருந்தார்கள். பெரிதாக ஒன்றைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தாள் இளமதி. "எம் பொண்ணுக்குப் பதிலா இது. ரட்சை கட்டுங்க சாமி. நீங்களும் முன்னாடி ஏறுங்க."

ஊரே பார்க்கிறது. சாமி பின்சீட்டில் ரட்சையைக் கட்டிவிட்டு முன்னால் ஏறினார். ஏறியதும் கை தானாகப் போனது. டக்!

"என்ன சாமி, நீங்க பெல்ட் போடுறீங்க?"

"இல்லம்மா... கார் கீ கீன்னு கத்துது."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல சாமி."

கூட்டம் சிரித்தது. எதிரே வெறும் மைதானம். முப்பதில் போய், பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கார் நின்றது. பூசணிக்காயை யாரும் நிறுத்தவில்லையே! அது போன வேகத்திலேயே போய் முன்சீட்டின் முதுகில் மோதி, கீழே விழுந்து பிளந்தது. ரட்சை கட்டிய இடத்திலேயே பத்திரமாக இருந்தது. பெல்ட் போட்ட சாமியும் பத்திரம்.

"மச்சான், நம்ம தகட்டக் கழட்டுடா மொதல்ல!" என்றது ஒரு குரல்.

பாலகுமார் பிளந்த காயையே பார்த்தார். "அங்கதான நம்ம கயலு உக்காருவா..."

மறுநாள் அவரே காரின் கையேட்டைப் புரட்டினார். பெல்ட்டில் குறை இல்லை. அது பெரியவர்கள் உயரத்துக்குச் செய்தது. பிள்ளை தாழ உட்கார்ந்தால் கழுத்தில்தான் வரும். ஆகவே பிள்ளையை உயர்த்த வேண்டும். அதற்கென்றே பூஸ்டர் சீட் இருக்கிறது. அதில் உட்கார்ந்ததும் மேல்பட்டை கயல்விழியின் தோளில் படிந்தது, கீழ்ப்பட்டை வயிற்றை விட்டு இடுப்பெலும்பில் இறங்கியது. அடியைத் தாங்குவது எலும்பு. கழுத்தும் வயிறும் தாங்காது.

வரிசையில் நிற்கிறவர்களே, கொஞ்சம் யோசியுங்கள். சாமி தனக்கு எதை மாட்டிக்கொண்டார்? அதையே பிள்ளைக்கும் மாட்டுங்கள், பூஸ்டர் சீட்டில் உயர்த்தி உட்காரவைத்து.