பிரஸிடெண்ட் வீட்டுக் காதுகுத்தும் ராஜதந்திரமும்

செந்துறை தபால்,
விக்கிரம வருஷம், தை மாதம்

மகாராஜஸ்ரீ மாப்பிள்ளை சின்னதுரை அவர்களுக்கு, பஞ்சாயத்து போர்டு பிரஸிடெண்ட் வைத்திலிங்கம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உம் அக்காள் பூங்காவனம், பையன் தர்மராஜ், ஆடு மாடுகள் யாவரும் சௌக்கியம். திருச்சியில் உமது சௌக்கியத்தையும் ஜெர்மன் சண்டையின் நிலவரத்தையும் விவரமாக எழுதவும்.

பையனின் காதுகுத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதி, தாய்மாமன் சீருக்குப் பதிலாக நீர் அனுப்பிய புத்தகம் கிடைத்தது. முதலில் கோபம்தான். ஆனால் ராஜ்யத்தைப் பிடிப்பது எப்படி, பிடித்ததை விடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார மந்திரி ஒருவர் அதில் எழுதியிருப்பதைத் தமிழில் படிக்கப் படிக்கப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் இந்த மாதக் கடைசியில் ஊர் கூடிச் சாவடியில் கை தூக்கிப் பிரஸிடெண்டைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். எதிர்த்து நிற்பவர் வேறு யாருமில்லை, உம் பெரியப்பா மகன் இளையபெருமாள்தான். பதவி போனால் நான் எந்த முகத்தோடு கடைத்தெருவில் நடப்பேன்?

ஜனங்களுக்கு ராஜாவிடம் பிரியம் இருப்பதைவிடப் பயம் இருப்பதே பத்திரம் என்று மந்திரி சொல்லியிருக்கிறாரா, உடனே சிரிப்பதை நிறுத்தினேன்; பல்வலி என்று நினைத்துப் பக்கத்து வூட்டுக் கொளஞ்சியம்மாள் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். இது போதாது என்று, வீடு வீடாகப் பாக்கு வைத்து அழைக்கும் வழக்கத்தையே தள்ளிவிட்டேன். ராஜா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவானா? தண்டோரா போடச் சொன்னேன்: "பிரஸிடெண்ட் வூட்டுக் காதுகுத்து! வராதவங்களுக்கு வூட்டு வரி ஏறும்!" உம் அக்காள், "பாக்கு வெக்காம யாருங்க வருவா?" என்றாள். நான் புத்தகத்தைத் தட்டிக் காட்டினேன். காதுகுத்து அன்று காலையில் பந்தல் இருக்கிறது, கிடாக்கறி கொதிக்கிறது, ஊசியோடு பத்தர் உட்கார்ந்திருக்கிறார், ஒரு ஈ காக்கை இல்லை மாப்ளே! ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கு. உம்ம அக்கா கோவிச்சுக்கிட்டுக் கொல்லைப்பக்கமா எங்கேயோ போயிட்டா. நல்ல நேரம் முடியப்போவுது, பையனை உட்கார வைக்கத் தாய்மாமன் மடியும் இல்லை. அந்த மந்திரி மட்டும் கையில் கிடைத்திருந்தால் அவர் காதைத்தான் குத்தியிருப்பேன்.

அப்போதுதான் பயம் வேலை செய்தது! இளையபெருமாள் சீர்த்தட்டோடு முன்னால் வர, பின்னால் ஊரே வந்துட்டுது. அவரே பையனை மடியில் வைத்துக்கொண்டார். பையன் அலறிய அலறலில் அவர் வேட்டி நனைந்தது. பகைவனை முதலில் தாக்கு என்று நம்ம பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. பந்தி முடிந்ததும் அவர் எழுந்து நின்று, "நான் போட்டி போடலைங்க. மாப்பிள்ளையே பிரஸிடெண்டா இருக்கட்டும்" என்றார். அவர் கை நடுங்கியதை நானே பார்த்தேன். பையனை ரொம்ப நேரம் தூக்கி வைத்திருந்ததால் என்கிறாள் உம் அக்காள். அவளுக்கு ராஜதந்திரம் எங்கே புரியும்?

ஆகையால் ஆபீஸில் பெரிய உத்தியோகம் கிடைக்கவும், சீக்கிரம் கல்யாணம் கூடிவரவும் உம்மை மனதார ஆசீர்வதிக்கிறேன். இனிமேல் கவர்மேல் பிரஸிடெண்ட் என்று போட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வைத்திலிங்கம்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். உன் மாமா கவரை ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு. அன்னிக்கு நான் கோவிச்சுக்கிட்டுப் போவலை. வூட்டுக்கு வூடு கொல்லை வாசல்ல நின்னு பாக்கு வெச்சு, "அவரு புத்தி தெரிஞ்சதுதானே, என் மொகத்துக்காக வாங்க, வரி ஏறாது"ன்னு கும்புட்டேன். இளையபெருமாள் அண்ணன்கிட்ட, "தாய்மாமன் மடி காலியா இருக்குண்ணே"ன்னு அழுதுட்டேன். நெசமான அழுகைதான், நீ வராததால வந்தது. இந்தத் தடவை விட்டுக்குடுண்ணே, அடுத்த தடவை ஊரே உனக்குக் கை தூக்கும்னு சத்தியமும் பண்ணிட்டேன். எல்லா வூட்டுப் பொம்பளைங்களும் சரின்னுட்டாங்க. உன் மாமாவுக்குத் தெரிய வேணாம், பதவி இருக்கிறவரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும். அடுத்த பிள்ளை வயித்துல இருக்கு. அந்தக் காதுகுத்துக்குப் புத்தகம் அனுப்பாதே, நீ வா.