வாய்க்கால் மூடியும் நனைந்த வயல்

திருக்காட்டுப்பள்ளி அருகே,
தை மாதம்.

மரியாதைக்குரிய மச்சான் மருதையன் அவர்களுக்கு, தங்கள் தங்கை செவ்வந்தியின் வீட்டுக்காரன் அரசப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் பசு, கன்று, கோழி உட்பட சுகம். மாயவரத்தில் தாங்களும் தங்கள் முழங்கால் வலியும் நலமா?

நான் தண்ணீர் திருடி மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டு, 'தங்கச்சிய உடனே அனுப்பி வை' என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினீர்கள். மச்சான், திருட்டே நடக்கவில்லை. சம்பா அறுப்புக்கு முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்தோம். அறுப்பு முடிந்தது, மேட்டூர் அணையை மூடினார்கள், வாய்க்காலில் இப்போது ஆடு நடந்து போகிறது. ஆனால் எங்கள் உளுந்து மட்டும் விடியலில் குளித்து எழுந்த மாதிரி நிற்கிறது. பக்கத்துப் பண்ணை வயலோ உழுது போட்டபடி கட்டி கட்டியாய்க் காய்ந்து கிடக்கிறது. எங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்ட அந்தப் பண்ணையின் காரியஸ்தர் உலகநாதன் இதைப் பார்த்துவிட்டார். கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரன் பெயரைச் சர்க்காரில் பதியலாம் என்று சட்டம் போட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது. பதிந்துவிட்டால் எங்களை லேசில் வெளியேற்ற முடியாதே! "வாய்க்கால் மூடியிருக்கு, இவன் வயல் மட்டும் எப்படி நனையுது? பண்ணைக் குளத்து மடையத் திறந்து விடறான். திருட்டுப் பயலுக்குப் பதிவு ஒரு கேடா?" என்று தாலுகா ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

"அது பனிங்க" என்றேன். "பனி உன் வயலுக்கு மட்டும் விலாசம் விசாரிச்சுக்கிட்டு வருதா?" என்றார். என் மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது மச்சான்.

தாலுகா அதிகாரி ஜெக்கரியா சார் விடியலில் பார்வையிட வந்தார். அன்றைக்கென்று பார்த்து வானம் மூட்டம், காற்று வேறு. இலையில் ஒரு சொட்டு இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். "பாருங்க சார், நீங்க வர்றது தெரிஞ்சு நேத்து தண்ணி விடல!" என்றார் உலகநாதன். நனைந்தால் திருடன், காய்ந்தால் கெட்டிக்காரத் திருடன்! செவ்வந்திதான் முன்னால் வந்து, "மேகம் கலையட்டும் சார், இன்னொரு நாள் வந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றாள். அந்த நல்ல மனிதரும் சரி என்றார்.

மேகம் கலைந்தது. கையும் களவுமாகப் பிடிப்பேன் என்று காரியஸ்தர் ராத்திரி முழுக்க எங்கள் வரப்பிலேயே காவல் இருந்தார். விடிந்ததும் சார் வந்து பார்த்தால், உளுந்து பூராவும் பனி, காரியஸ்தரின் சைக்கிள் சீட்டில் பனி, அவர் முண்டாசு சொட்டுகிறது, ஓயாத தும்மல்.

"மடைய யாராவது திறந்தாங்களா?"

"அச்... இல்லீங்க."

"அப்ப உங்க சைக்கிளுக்கு யாரு தண்ணி பாய்ச்சினது?"

பிறகு சார் விளக்கினார். பகலில் சூடான காற்று நிறைய ஈரத்தைச் சுமக்குமாம். ராத்திரி குளிரக் குளிர அவ்வளவையும் தாங்க முடியாமல், குளிர்ந்து கிடக்கிற இலை, தகரம் எதுவானாலும் அதன்மேல் இறக்கி வைத்துவிடுமாம். வானம் தெளிவாக இருந்தால் இலையின் சூடு மேலே போய்விடும். மேகம் இருந்தால் போர்வை போர்த்திய மாதிரி. காற்றடித்தாலும் இலை அவ்வளவு குளிராது. வெறும் மண்கட்டி இலை மாதிரிச் சீக்கிரம் குளிராததால் பண்ணை வயலில் பனி தெரியவில்லை. "அப்ப காத்து கூலி வாங்காமலா சார் இவ்வளவும் சுமக்குது?" என்றேன். காரியஸ்தர் கூடத் தும்மலுக்கு நடுவில் சிரித்தார்.

புகார் தள்ளுபடி. பதிவு ஆகப்போகிறது. வெயிலிலும் பனியிலும் நான் பாடுபட்டதற்குச் சர்க்கார் செய்கிற மரியாதை இது. உங்கள் தங்கை என் நிழலில் நிம்மதியாக இருக்கிறாள், அழைத்துப்போக வர வேண்டாம். உளுந்து காய்ந்து வீடு சேர்ந்ததும் வடை தின்ன வாருங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் குறைவில்லாமல் வளர என் ஆசி.

தங்கள் அன்புள்ள,
அரசப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பதிவு வந்துவிட்டது. பெயர் செவ்வந்தி! ஓடிப்போய்ச் சாரைக் கேட்டேன். "சாகுபடி யாருன்னு ஊர்ல விசாரிச்சேன், எல்லாரும் அவங்களத்தான் சொன்னாங்க. அன்னிக்கு நானும் பார்த்தேனே, அவங்க சேலை முட்டிவரைக்கும் பனியில நனைஞ்சிருந்துது. உங்க வேட்டி மொடமொடன்னு இருந்துது" என்றார். ஆகவே 'என் நிழலில்' என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். குத்தகைதாரரம்மா நாளை விடியலில் என்னைக் களை எடுக்க வரச்சொல்லியிருக்கிறார். வேட்டியை இப்போதே மடித்துக் கட்டிவிட்டேன்.