வெட்டுவது முதலா, அமுக்குவது முதலா?

"கோ... ளே! கோ... ளே! விடை கொடுங்கள்!"

ஒலிபெருக்கியில் வீட்டுக்காரரின் குரல் இப்படித்தான் வந்தது. அவர் பாடியது என்னவோ 'கோப்புகளே'தான். நடுவிலிருந்த 'ப்புக'வைக் காணவில்லை.

மாடியில் குடியிருந்த சவுண்டுக்காரருக்கு வியர்த்தது. முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் கோப்பு பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார் வீட்டுக்காரர். பிரிவு உபசார விழாவில் போடுவதற்காகத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய பாட்டு அது.

வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. சவுண்டுக்காரர் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கதவிடுக்கில் ரப்பர் அடைத்து, தன் கையாலேயே ஸ்டுடியோவாக்கிய அறை. "பாட்டு எப்படி வருதுன்னு பார்த்துட்டு அக்ரிமெண்டைப் பத்திப் பேசலாம் தம்பி" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

அடுத்த அறையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அவருக்கு விக்கலா?"

"விக்கல் இல்ல, கம்ப்ரஸர். சத்தம் ஏறினா அமுக்கிப் பிடிக்கும். அவர் 'கோ'ன்னு அடிவயித்துலேர்ந்து முழங்கறார். உடனே அது மொத்தக் குரலையும் அமுக்கிடுது. பின்னால வர்றதெல்லாம் உள்ள போயிடுது."

"அந்த முழக்கத்தைக் குறைக்க முடியாதா?"

"அதுக்குத்தான் ஈக்யூ இருக்கு. குரல்ல வேண்டாத பாகத்தை வெட்டும், வேணுங்கிறதைக் கூட்டும். அதை அடுத்ததா வச்சிருக்கேன்."

"அமுக்கினப்புறம் வெட்டி என்ன பண்றது? நான்லாம் பிசிறை வெட்டிட்டுத்தான் இஸ்திரி போடுவேன்."

"இது துணி இல்லம்மா" என்றார் சவுண்டுக்காரர், பதினைந்து வருட அனுபவத்தின் மிடுக்கோடு. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சத்தம் போடாமல் ஈக்யூவைத் தூக்கி முன்னால் வைத்தார். முழக்கத்தைத் தாராளமாகவே வெட்டினார்.

'கோப்புகளே' முழுசாக வந்தது. வீட்டுக்காரரை மேலே அழைத்துப் போட்டுக் காட்டினார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு தம்பி. பாடறது யாரு?"

"நீங்கதான் சார்."

"என் தங்கச்சி குரலாட்டம் இருக்கே!"

வெட்டியது அதிகம். பாதியைத் திருப்பிக் கொடுத்தார். உடனே 'கோ' முழங்கியது, கம்ப்ரஸர் பாய்ந்து அமுக்கியது, 'ப்பு' மறுபடி தலைமறைவானது. பழையபடி வெட்டிவிட்டு, மெலிந்த குரலுக்குச் சதை போடுவதாக நினைத்துக் கம்ப்ரஸரை இன்னும் இறுக்கினார். பெரிய சத்தமெல்லாம் அமுங்க, மொத்தத்தையும் தூக்கி வைத்ததில் அதுவரை ஒளிந்திருந்த சின்னச் சத்தமெல்லாம் மேலே ஏறி வந்தது.

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, நான் பாடறதைவிட மூச்சு விடறது நல்லா கேக்குது."

"அது வந்து சார்..."

"நாற்காலி கூடப் பாடுது. அது என்னைவிடச் சுருதி சுத்தமா இருக்கு." வாசல்வரை போய்த் திரும்பினார். "நாளைக்கு விழா. ஞாபகமிருக்கட்டும். அக்ரிமெண்டும் ஞாபகமிருக்கட்டும்."

சவுண்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டிவிட்டு அமுக்கினாலும் வம்பு, அமுக்கிவிட்டு வெட்டினாலும் வம்பு. எதிர்ச்சுவரில் ஒட்டிய பஞ்சை எப்படிப் பிய்ப்பது என்றுகூட யோசித்துவிட்டார். அப்போதுதான், ஈக்யூ ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது என்று உறைத்தது.

எல்லாவற்றையும் கலைத்தார். முதலில் ஓர் ஈக்யூ. முழக்கம் இருந்த ஒரே இடத்தை மட்டும் கிள்ளி எடுத்தார். நடுவில் கம்ப்ரஸர், தொட்டும் தொடாமலும். கடைசியில் இன்னோர் ஈக்யூ. இது வெட்டுவதற்கு இல்லை, கொஞ்சம் கனமும் கொஞ்சம் பளபளப்பும் சேர்ப்பதற்கு.

மனைவி இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றாள்.

"யாருங்க பாடறது? உருக்கமா இருக்கே."

"கீழ்வீட்டு சார்தான்."

"சும்மா சொல்லாதீங்க!"

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குள்ள இப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாம போச்சே தம்பி."

ஒப்பந்தத்தை ஒலிபெருக்கியின் மேலேயே வைத்து மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "இன்னும் நாற்பத்திரண்டு பாட்டு எழுதி வச்சிருக்கேன். திங்கக்கிழமைலேர்ந்து தினம் பத்து மணிக்கு வந்துடறேன்" என்று சவுண்டுக்காரரின் தோளைத் தட்டிவிட்டு, பாடிக்கொண்டே படியிறங்கினார்.

கால் மணி நேரம் கழித்து வீட்டுக்காரரின் மனைவி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பாவம், சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று சவுண்டுக்காரர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பாட்டு கேட்டீங்களா?"

கீழே 'கோப்புகளே' ஜன்னல் அதிர எழுந்தது. அந்த அம்மாள் உட்காரவில்லை.

"தன் குரலைத் தானே ஒரு தடவை கேட்டுட்டா இனிமே வாயே திறக்க மாட்டார்னு நம்பித்தானே தம்பி, நான் அவரை உங்ககிட்ட அனுப்பி வச்சேன்!"