கல்யாணத் தேதிப்படி கட்டப்பட்ட விவாகரத்துகள்

உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான இடம் எது என்று யாராவது கேட்டால், வங்கிப் பெட்டகம் என்றோ ராணுவக் கிடங்கு என்றோ நான் சொல்ல மாட்டேன். அவற்றையெல்லாம் எவனாவது ஒரு திருடன் என்றைக்காவது உடைத்திருக்கிறான். எங்கள் குடும்ப நீதிமன்றத்தின் ஆவணக் காப்பறையை மட்டும் இதுவரை யாரும் வென்றதில்லை. உரிய ஆள், உரிய மனுவோடு, உரிய நேரத்தில் போனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மனித நாகரிகம் இதற்கு மேல் போக வழியில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நானும் அலுவலகத்தில் இருப்பவன். குடிநீர் வழங்கல் துறையின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடங்களாக உட்கார்ந்து, 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி எழுதியே விரல் காய்த்தவன். பாட்டை இன்னொரு பாடகன்தான் சரியாக ரசிக்க முடியும். அந்த அறையை நான் அப்படித்தான் ரசித்தேன்.

அங்கே நான் போனது என் அக்காவுக்காக. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடங்களுக்கு முன்னால் விவாகரத்து ஆனவள். இப்போது ஒரு கப்பல் சமையல்காரரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தாள். நல்ல மனிதர். இரண்டு பயணங்களாக அக்காவின் 'சரி'க்குக் காத்திருந்தார். அது வந்ததும் பதிவாளர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் திரும்பிவரப் பத்து மாதம்.

பதிவாளர் அலுவலகம் ஒரே ஒரு காகிதம் கேட்டது. விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், அதுவும் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தது. பழைய விவாகரத்து கெட்டுப்போயிருக்கும் என்ற அக்கறைதான், வேறொன்றுமில்லை. அக்காவிடம் பழையதுகூடக் கிடையாது. வழக்கு போட்டவர் அத்தான். தீர்ப்பு சொன்ன அன்று நீதிபதி அக்காவைப் பார்த்து, "நீங்க போகலாம்மா" என்றார். அவளும் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். நான் அந்த அறையின் வாசலையே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்; அக்காவிடமும் அதைச் சொன்னேன். வாசலில் ஒரு இயந்திரம் வரிசை எண் கொடுத்தது. சீட்டின் அடியில் 'இந்த நாள் இனிய நாளாகட்டும்' என்று அச்சிட்டிருந்தது. வெளியே போகும் வழியில் 'மகிழ்ச்சிக் குறியீடு' அளக்க மூன்று பொத்தான்கள்: சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், அழுத முகம். மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். சிரித்த முகம் மட்டும்தான் வேலை செய்தது.

சன்னலுக்கு அந்தப்பக்கம் ஆவணக் காப்பாளர் இருந்தார். வழக்குக் கட்டுகளுக்கு அவர் போடுகிற மாதிரி முடிச்சு வேறு யாருக்கும் வராதாம். அவிழ்க்க அவரே வர வேண்டுமாம். அதனால் அந்தக் கட்டடம் முழுவதும் அவருக்கு 'முடிச்சு சார்' என்றுதான் பெயர்.

"கல்யாணத் தேதி சொல்லுங்க" என்றார்.

"எங்களுக்கு வேண்டியது விவாகரத்துத் தீர்ப்பு சார்" என்றேன்.

"தெரியுது. கல்யாணத் தேதி சொல்லுங்க. இங்க எல்லாக் கட்டும் கல்யாணத் தேதிப்படிதான் அடுக்கியிருக்கு."

"விவாகரத்துத் தேதிப்படி இல்லையா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்யாணம் நடக்காம விவாகரத்து நடக்குமா சார்? எது முதல்ல வந்துச்சோ அதை வெச்சுத்தானே அடுக்கணும்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தத் தர்க்கத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

"பேரை வெச்சுத் தேட முடியாதாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பேரை வெச்சுத் தேடினா அடுத்தவங்க அந்தரங்கம் வெளிய வந்துடும்மா."

"வழக்கு எண்?"

"அது கட்டுக்கு உள்ள இருக்கு. கட்டைக் கண்டுபிடிச்சா எண் தானா கிடைச்சிடும்."

எங்களுக்கு முன்னால் ஒருவர் இந்தத் தேதிக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்று பழைய மனைவிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காத, ஒரு அவசரம். நமக்குக் கல்யாணம் ஆனது என்னைக்கு?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு முடிச்சு சாரிடம் வந்து, "இன்னைக்குத்தானாம்" என்றார்.

அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தேதி, கிழமை, நேரம், அன்றைக்கு மழை பெய்தது எல்லாம் சொன்னாள். படிவம் எழுதிக் கொடுத்தோம். ஒரு தேதிக்கு ஒரு படிவம், ஒரு படிவத்துக்கு ஒரு நாள். செவ்வாய்க்கிழமை போனபோது முடிச்சு சார் அந்தத் தேதிக் கட்டை அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டியும் முடித்திருந்தார்.

"இதுல இல்ல."

"இல்லைன்னா? அன்னைக்குத்தாங்க எனக்குக் கல்யாணம் ஆச்சு" என்றாள் அக்கா.

"நீங்க சொல்றது சரியா இருக்கும்மா. ஆனா மனு போட்டது யாரு?"

"அவர்தான்."

"அப்ப அவர் மனுவுல எழுதின தேதிக் கட்டுலதான் இருக்கும். உங்களுக்கு எப்ப கல்யாணம் ஆச்சுங்கறது இங்க முக்கியமில்ல. அவருக்கு எப்ப ஆச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

தன் கல்யாணம் எந்த நாளில் நடந்ததென்று ஒருத்தி சொல்வது ஆதாரம் ஆகாது. அந்த நாளை மறந்தவர் சொல்வதே ஆதாரம். இவ்வளவு நுட்பமான ஒரு விதி எங்கள் குடிநீர்த் துறையில் இல்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அக்கா பதினோரு வருடமாக அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகவே போன் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு சங்கடம். அக்காவின் பழைய கணவருக்குத் தமிழில் உறவுச்சொல் இல்லை. நானே 'முன்னாள் அத்தான்' என்று ஒன்று உண்டாக்கிக்கொண்டேன். முன்னாள் அமைச்சர் என்று சொல்வதில்லையா, அந்த வகையில். ஆனால் போனில் பழக்கதோஷத்தில் "அத்தான்" என்றே வந்துவிட்டது.

"கல்யாணத் தேதியா? இரு மாப்ள, எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. வீட்ல கேக்கறேன்" என்றார். வீட்டில் என்றால் அவருடைய இப்போதைய மனைவி. எட்டு வருடமாக அவர்தான் மனைவி. உள்ளே ஏதோ பேச்சு கேட்டது. திரும்பி வந்து, "மே பத்தொம்பதாம்" என்றார்.

மே பத்தொன்பதுக்கு ஒரு படிவம் கொடுத்தோம். புதன்கிழமை அந்தக் கட்டும் அவிழ்ந்தது. அதிலும் இல்லை. மறுபடி போன் போட்டேன். "ஆமா மாப்ள, அது எங்க கல்யாண நாளாம். தன்னைத்தான் கேக்கறேன்னு நெனச்சுட்டா. நேத்துலேர்ந்து என்மேல ரொம்பப் பிரியமா வேற இருக்கா" என்றார்.

அன்று பஸ் நிறுத்தத்தில் அக்கா என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "எனக்கு பயமா இருக்குடா. இந்தத் தடவையும் கல்யாணம் ஆகாம அவர் கப்பல் ஏறிட்டாருன்னா, திரும்பி வந்தப்புறம் 'சரி'ன்னு சொல்ற தைரியம் எனக்கு வராது. என்னை எனக்குத் தெரியும்."

"வந்துடும்க்கா. முடிச்சு சார் ரொம்பத் திறமையானவர்" என்றேன்.

"அதான் பயமே" என்றாள்.

வியாழக்கிழமை முன்னாள் அத்தானை நேரிலேயே வரவழைத்துவிட்டேன். தலைமுடி கொஞ்சம் குறைந்திருந்தது, மற்றபடி அப்படியேதான் இருந்தார். அக்காவைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்றார். அக்கா, "தேதி சொல்லுங்க" என்றாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். "வண்டி வாங்கினது மார்ச் ஏழு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு வண்டி. வாங்கி அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாணம். வக்கீல்கிட்டயும் அப்படித்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன்."

"வண்டி வந்தது கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் கழிச்சு. கடையிலேர்ந்து வீடு வரைக்கும் நான்தான் பின்னாடி உக்காந்து வந்தேன்" என்றாள் அக்கா.

"அப்படியா?" என்றார் அவர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், பாவம்.

ஒரு படிவத்துக்கு ஒரு நாள் என்ற விதியை முடிச்சு சார் அன்று எங்களுக்காகத் தளர்த்தினார். மனு போட்டவரே நேரில் வந்திருப்பதால் அது 'சிறப்பு நேர்வு' ஆகிவிட்டதாம். மூன்று நாளாக நான் அவரிடம் தொழில்முறையில் காட்டிவந்த பக்தியும் கொஞ்சம் உதவியிருக்கலாம். வண்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டைக் கொண்டுவந்து சன்னல் பலகையில் வைத்தார். முடிச்சை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்றாவதாக இருந்தது என் அக்காவின் விவாகரத்து.

அக்கா பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

முடிச்சு சார் உள்ளே போய் நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினார். பிறகு அந்த வழக்கின் மேலட்டையில் ஒட்டியிருந்த சிறிய பட்டியலைப் பெருமையோடு எங்கள் பக்கம் திருப்பினார்.

"யார் எப்ப நகல் வாங்கினாலும் இதுல கையெழுத்துப் போடணும். இது எப்படி சுத்தமா இருக்கு பாருங்க. பதினோரு வருஷத்துல யாரும் தொடல. நீங்கதாம்மா முதல்."

அக்கா கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள். காலியாக இருந்த அந்தக் கோடுகளையே பார்த்தாள். பிறகு முன்னாள் அத்தானிடம் திரும்பினாள்.

"நீங்க எட்டு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களே. அப்ப எதைக் காட்டினீங்க?"

"எங்க?"

"பதிவாளர் ஆபீஸ்ல."

"ஒண்ணும் காட்டலையே. முன்னாடி ஆச்சு, இப்ப இல்லைன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க."

"என்கிட்ட மட்டும் ஏன் கேக்கறாங்க?"

இதற்குப் பதில் சொன்னது முடிச்சு சார்தான். "பொம்பளைங்க விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும்மா. ஆம்பளைங்ககிட்ட பேப்பர் கேட்டா மரியாதையா இருக்காது" என்றார். மிகவும் கனிவாகத்தான் சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வரும்போது நான் பழக்கத்தில் சிரித்த முகத்தை ஒரு தட்டுத் தட்டினேன். அவள் நிற்காமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் அக்காவின் நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டினார். ஆறு மாதத்தை விரல் விட்டு எண்ணினார். எல்லாம் திருப்தியான பிறகு சமையல்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது முதல் கல்யாணம்தானே?"

"ஆமாங்க. அதுக்கு ஏதாவது காட்டணுமா?"

"எதுக்குங்க? நீங்கதான் சொல்லிட்டீங்களே. கையெழுத்துப் போடுங்க."

போட்டார்கள். என் அக்கா அந்த நல்ல மனிதருக்கு மனைவி ஆனாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அத்தனை வியர்வை. அடுத்து சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் குனிந்து பேனாவை வைத்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீயும் இதே மேஜைலதானேடா கையெழுத்துப் போட்ட?"

"ஆமாக்கா."

"அந்த ரூம் வாசலையே இந்தத் திங்கக்கிழமைதான் முதல் தடவையா பார்த்தேன்னு சொன்ன."

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே பதிந்ததும் இரண்டாவது கல்யாணம்தான். முதல் கல்யாணம் அதே குடும்ப நீதிமன்றத்தில்தான் முடிந்தது. அந்தக் கட்டு எந்தத் தேதியில் கிடக்கிறது என்று நான் போய்க் கேட்டதில்லை; கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. என் அக்காவின் முதல் கல்யாணத்தை இவ்வளவு விலாவாரியாக எழுதியவன் என்னுடையதைப் பற்றி மூச்சுவிடவில்லையே என்று இப்போது உங்களுக்குக் கோபம் வரலாம்.

நீங்களும்தான் கேட்கவில்லை.