வேலியைத் தாண்டிய விமானம்

நெவில் எஞ்சினை அணைத்தபோது விமானம் முழுவதும் பக்கத்துப் பண்ணைக்குள் நின்றது. இறக்கையில் மின்வேலியின் கம்பி தொங்கியது. மூன்று பசுக்கள் மேய்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தன.

நியூசிலாந்தின் வைக்காட்டோவில் குளிர்காலம் முடிந்து அன்றுதான் முதன்முதலாகப் பறந்திருந்தார். பத்து மணிக்கு நகராட்சி அதிகாரி அளந்து பார்க்க வருவதாக இருந்தது. புல் ஓடுபாதை அறுநூறு மீட்டர் இல்லையென்றால் விமான கிளப்பை மூடிவிடுவார்கள். அதற்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடலாம் என்று கிளப் செயலாளரான அவருக்கு ஆசை.

கிளப்பில் தேநீர் போடும் நோலீன் ரப்பர் பூட்ஸோடு நடந்து வந்தாள்.

"ஏன் நெவில், பால் வாங்கவா அங்க போனே?"

"இருபது வருஷமா இறங்குற மாதிரிதான் இறங்கினேன்!"

"சரி சரி, பின்னாடி தள்ளு."

தள்ளினார்கள். சக்கரம் சேற்றில் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"இது நகராது. வேலியை நகர்த்திடலாம்," என்றார் நெவில்.

"பண்ணைக்கார ரஸ்ஸல் பார்த்தா தொலைஞ்சோம். இந்தப் புல்லு மேல அந்த ஆளுக்கு எப்பவும் ஒரு கண்ணு."

"ஒரு மணி நேரத்துக்குத்தானே!"

மின்சாரத்தை நிறுத்தி, கம்பங்களைப் பிடுங்கி, விமானத்துக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அங்கே புல்லுக்குள் வரிசையாகக் குழிகள் இருந்தன. கம்பங்கள் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கின.

"இதாவது நல்லபடியா நடக்குதே," என்றாள் நோலீன்.

வேலி நின்றது. பசுக்கள் மூன்றும் ஓடுபாதைக்குள் மாட்டிக்கொண்டன. ஒன்று இறக்கையை நக்கத் தொடங்கியது. அதிகாரிக்காகச் சுட்ட ரொட்டியைக் காட்டி நோலீன் அவற்றை அழைத்தாள். வாசம் பிடித்து, மிச்சமிருந்த நாற்பது பசுக்களும் வேலியோரம் கூடிக் கத்தின. சத்தம் கேட்டு ரஸ்ஸல் வந்துவிட்டார்.

"என் நிலத்துல உனக்கு என்னய்யா வேலை, நெவில்?"

அதற்குள் அதிகாரி மெரே அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். புது வேலிவரை உருட்டினாள். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"அறுநூறு. சரியா இருக்கு. விமானம் ஏன் இங்க நிக்குது?"

"நிறுத்தி வச்சிருக்கோம்," என்றார் நெவில். பசு நக்கிக்கொண்டே இருந்தது. அவருக்கே தாங்கவில்லை. "உண்மையைச் சொல்லிடறேன் மேடம், இந்த வேலி..."

மெரே அவரைக் கவனிக்கவில்லை. ரஸ்ஸலின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"போன மாசம் அளந்தப்போ முப்பது மீட்டர் ஓடுபாதைக்குள்ள தள்ளி இருந்துச்சு, நான் கடிதம் போட்டதும் வேலியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்ட்டீங்களே, ரொம்ப நன்றி ரஸ்ஸல்!"