எதிர்க்கட்சி எழுதிய வெல்டிங் பரீட்சை

பட்டறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் எதிர்க்கட்சி. கேட்டுக்கு நீலம் அடிக்கலாமா என்று முதலாளி கேட்டால் பச்சை என்பார். சரி, பச்சையே இருக்கட்டும் என்றால், நீலத்தில் அப்படி என்ன குறை கண்டீர்கள் என்பார். மற்றபடி தங்கமான மனிதர். அவர் ஒட்டிய கேட்டை யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி. எந்தப் பேச்சுக்கும் ஒரு எதிர்ப்பக்கம் இருக்கிறது, அங்கே யாராவது நிற்கத்தானே வேண்டும் என்கிற பொதுநல நோக்கம், அவ்வளவுதான்.

வீட்டில் இந்தப் பொதுநலம் இன்னும் கொஞ்சம் தூக்கல். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று மனைவி சொன்ன நாளெல்லாம் வெல்டர் நனைந்துதான் வீடு திரும்பியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் தலையில்தான் இடி விழுந்தது. முதலாளிக்கு முட்டிவலி. இடத்தை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒன்றரை மாதம், அதற்கப்புறம் பட்டறை கிடையாது.

இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி ஒரு கம்பெனி இருந்தது. பாலங்களுக்கும் பெரிய கொட்டகைகளுக்கும் இரும்பு உத்திரம் செய்கிறவர்கள். ஆள் எடுப்பதாக வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வெல்டர் நேராகப் போய், இருபத்திரண்டு வருட அனுபவம் என்றார். காவலாளி நல்லவர். அனுபவம் இருக்கட்டும் அண்ணே, சான்றிதழ் இருக்கா என்றார். இல்லை. இல்லாதவர்களுக்கு உள்ளே ஒரே ஒரு வேலைதான்: இன்னொருவன் ஒட்டும்போது இரும்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. நாற்பத்தாறு வயதில் அப்படி நிற்பதை நினைத்துப் பார்த்தார். அன்று மத்தியானச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

சான்றிதழ் தருகிற பரீட்சை நிலையத்தில் விண்ணப்பமும், விதிமுறை என்று நாலு பக்கத் தாளும் கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஒரு பரீட்சை. தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கம்பெனியில் ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். வெல்டர் விண்ணப்பத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு நாலு பக்கத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டார். மருந்துச் சீட்டிலிருந்து மின்சார பில் வரை வீட்டுக்கு வருகிற எழுத்தெல்லாம் அவள் இலாகா. இவர் கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் போட மாட்டேன் என்று கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது த்ரீ ஜி: இரும்பு பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்திவைத்து, கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது சிக்ஸ் ஜி: பைப்பைச் சாய்வாகக் கட்டிவைத்திருப்பார்கள். அதைத் திருப்பக் கூடாது, இவர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். குனிந்து, மண்டியிட்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். பைப்பில் பாஸானவன் பிளேட்டும் ஒட்டலாம். பிளேட்டில் பாஸானவன் பைப்பைத் தொட முடியாது.

உண்மையைச் சொன்னால் வெல்டரின் மனசு பைப்பு மேல்தான் இருந்தது. காரணம் மச்சினன். மனைவியின் தம்பி நாலு வருடம் முன்பு முதல் தடவையிலேயே பைப்பு பாஸ் பண்ணியவன். சான்றிதழோடு அவன் சிரிக்கிற போட்டோ கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அவனைப் பார்க்காமல் அந்த வீட்டில் மணி பார்க்க முடியாது. வெல்டர் நாலு வருடமாக உத்தேசமாகத்தான் மணி சொல்லிக்கொண்டிருந்தார். தானும் ஒரு போட்டோ எடுத்து அதற்கு மேலே மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

விண்ணப்பத்தைப் பிரித்துப் பேனாவைத் திறந்தபோது மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எதை எழுதப் போறீங்க?"

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? பைப்பு எழுதுங்க. என் தம்பி பைப்புதானே எழுதினான்."

"உன் தம்பி எழுதினா நானும் எழுதணுமா?"

"ஒரே பரீட்சை, எல்லாத்துக்கும் செல்லும். அவனே ஒரே மூச்சுல பாஸ் பண்ணிட்டான். உங்களால முடியாதா என்ன?"

பைப்பு அந்த நிமிடமே வெல்டரின் மனசை விட்டுப் போய்விட்டது. அதை எழுதிப் பாஸானால், என் தம்பி காட்டிய வழி என்பாள். ஃபெயிலானால், என் தம்பி முதல் தடவையிலேயே பாஸ் என்பாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இடியே வேண்டாம். யோசிக்க யோசிக்க பிளேட்டின் பெருமைகள் அவருக்குத் துலங்க ஆரம்பித்தன. நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. முதுகுக்கு நல்லது. மனிதன் மனிதனாக நின்று ஒட்டலாம். சரி, பைப்புதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு பிளேட்டில் டிக் அடித்தார். அவளை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

பொய் சொல்வது சுலபம், அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம். பட்டறையில் தினமும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் பிளேட்டில் பழகினார். வீட்டில் காட்டுவதற்கு பைப்பு வேண்டுமே. மூலையில் கிடந்த ஒரு துண்டு பைப்பை எடுத்து ஒரு முறை ஒட்டி, பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரே துண்டைத்தான் தினமும் எடுத்துக் காட்டினார். மனைவி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நேத்தைவிட இன்னைக்கு நல்லா வந்திருக்குங்க என்பாள். அடுத்த நாள், இன்னைக்கு இன்னும் தேவலை என்பாள். சிரிப்பை அடக்க வெல்டர் குளியலறைக்கு ஓட வேண்டியிருந்தது. பாவம், ஒன்றும் தெரியாதவளை இப்படி ஏமாற்றுகிறோமே என்று ஒருநாள் அவருக்கே கண் கலங்கியது.

வெளியிலும் ஆதரவு இல்லை. டீக்கடைக்காரர், போனிலேயே ஃபைவ் ஜி வந்துவிட்டது, நீங்கள் இப்போதுதான் த்ரீ ஜிக்குப் போகிறீர்களா என்று கேட்டார். வெல்டர் அதன் பிறகு பத்து நாள் எதிர்க்கடையில் டீ குடித்தார். அந்த டீ நன்றாக இல்லை.

பிளேட்டும் லேசில் படியவில்லை. கேட்டு வேலையில் மேலிருந்து கீழே சர்ரென்று இழுத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும், ஆனால் ஒட்டு தோலோடு நின்றுவிடும். பரீட்சையில் கீழிருந்து மேலே போக வேண்டும். உருகிய இரும்பு கீழே வடியத்தான் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தி அதன் மேலேயே அடுத்ததை வைக்க வேண்டும். பிடிவாதக்காரர்களுக்கான வேலை. மூன்று வாரத்தில் அவருக்குக் கைவந்துவிட்டது.

பரீட்சை நாள் காலையில் செருப்பை எடுத்து வைத்துவிட்டு பூட்ஸை மாட்டினார். கயிறு கட்ட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மனைவி குனிந்து கட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்து, ஒரு விஷயம் சொல்லட்டுமா என்றாள்.

"முடிஞ்சதும் கிரைண்டர் போட்டு மழமழன்னு தேய்ச்சுக் குடுங்க. மேடும் பள்ளமுமா குடுத்துடாதீங்க. என் தம்பியும் அதைத்தான் சொன்னான்."

ஒட்டிய இடம் தெரியாமல் தேய்ப்பதுதான் கேட்டு வெல்டரின் தொழில் மானம். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறவருக்கு இதைச் சொல்ல ஒரு மனைவி, அதை வழிமொழிய ஒரு மச்சினன். வெல்டர் விடுவிடுவென்று படியிறங்கினார். பயம் போய்க் கோபம் வந்திருந்தது, அதுவும் ஒரு வகையில் நல்லதாகத்தான் போயிற்று.

நிலையத்தில் வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடித்த திரை. அதிகாரி ஒல்லியானவர், கையில் டார்ச். விதிமுறை எல்லோரும் படித்திருப்பீர்கள், சந்தேகம் உண்டா என்று கேட்டார். எல்லோரும் படித்த முகத்தை வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கூண்டில் முறுக்கு மீசை வைத்த ஒரு பெரியவர். அவரும் கேட்டு வெல்டர்தான், முப்பது வருடம்.

முகத்தை மறைக்கும் ஷீல்டை இறக்கியதும் உலகத்தில் அந்த இடுக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கீழிருந்து மேல்வரை ஒட்டி முதல் ஓட்டம் போட்டார். கசடைத் தட்டினார். அடுத்தது, அதற்கும் அடுத்தது. நடுவில் ஒரு முறை இரும்பு கீழே வழியப் பார்த்தது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தான். கையை நிதானித்து மேலே கொண்டுபோனார். கடைசி ஓட்டத்தை முடித்து ஷீல்டைத் தூக்கினபோது கழுத்தெல்லாம் வியர்வை.

பக்கத்துக் கூண்டில் கிரைண்டர் சத்தம் ஆரம்பித்தது. வெல்டரின் கையும் தானாகப் போய்த் தன் கிரைண்டரை எடுத்தது. சுவிட்ச் மேல் விரல் போனபோதுதான், மழமழன்னு என்கிற குரல் காதில் கேட்டது. அதற்குப் பின்னால் கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பும் தெரிந்தது. தேய்த்தால் மச்சினன் சொல்லித் தேய்த்ததாக ஆகிவிடும். மேடும் பள்ளமுமாக இருந்தால் இருக்கட்டும், நான் ஒட்டியது இதுதான் என்று கிரைண்டரைக் கீழே வைத்தார். கம்பி பிரஷ்ஷால் புகைக் கறுப்பை மட்டும் துடைத்தார்.

அதிகாரி முதலில் மீசைக்காரரிடம் போனார். டார்ச்சை அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் தேய்ச்சீங்க?"

"அழகா இருக்கட்டும்னுதான் சார்."

"கடைசி ஓட்டத்தைத் தேய்க்கக் கூடாதுன்னு ரெண்டாம் பக்கத்துலயே போட்டிருக்கே ஐயா. தேய்ச்சுட்டா நீங்க ஒட்டினதை நான் எப்படிப் பார்ப்பேன்?"

இந்தப் பக்கம் வெல்டர் தன் கிரைண்டரைக் காலால் கூண்டின் மூலைக்குத் தள்ளிவிட்டார். அவருடைய பிளேட்டைப் பார்த்த அதிகாரி தலையை ஆட்டினார். அதிலிருந்து பட்டையாக அறுத்து எடுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து லாடம்போல வளைத்தார்கள். விரிசல் ஏதாவது விட்டால் அவ்வளவுதான். வெல்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விரிசல் இல்லை, பாஸ் என்றார்கள். அவர் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசற்படியில், ஃபெயிலான மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் அந்த விதி தெரியாது அண்ணே என்றார். பெண்டாட்டி தேய்க்கச் சொன்னாள், அதனால்தான் தேய்க்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார்.

மீசைக்காரர் மீசையை நீவிக்கொண்டார். "எங்க வீட்டுல யாரும் எதுவும் சொல்லலையே தம்பி," என்றார்.

வெல்டர் பேருந்தில் வரும்போதே வசனத்தையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டார். அவள் திகைப்பாள், கோபிப்பாள், அழுவாள். எல்லாவற்றுக்கும் பதில் தயார். வீட்டுக்குள் நுழைந்தவுடன் பாஸ் என்றார். மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த குண்டைப் போட்டார்.

"ஆனா பைப்பு இல்லை. பிளேட்டு."

"ம்."

"நீ சொன்ன மாதிரி தேய்க்கவும் இல்லை."

"ம்."

"என்ன ம்? உனக்குக் கோவம் வரலையா?"

"எதுக்குக் கோவம்? அந்தக் கம்பெனிக்கு வேண்டியது பிளேட்டுதான். நோட்டீஸ்லயே போட்டிருக்கு, போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். பைப்பு எழுதுனவங்களைக் குழாய் போடுற வேலைக்கு ஊர் ஊரா அனுப்பிடுவாங்க. என் தம்பி வருஷத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வர்றான். அவன் பெண்டாட்டி போன்ல என்கிட்ட அழறா. எனக்கு அது வேண்டாங்க. சாயங்காலம் ஆனா நீங்க வீட்டுக்கு வரணும், வந்து என்னை எதுத்துப் பேசணும்."

வெல்டர் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, அப்படியானால் ஒரு மாதமாகப் பைப்பு பைப்பு என்று ஏன் உயிரை எடுத்தாய் என்று கேட்டார்.

"பிளேட்டு எழுதுங்கன்னு சொல்லியிருந்தா பைப்பு எழுதியிருப்பீங்க."

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வெல்டர் வாயைத் திறந்தார். சொன்னால் அவள் சொன்னது நிரூபணமாகிவிடும். ஆமாம் என்று சொல்லவோ பத்தொன்பது வருடத்தில் வாய் பழகியிருக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றார்.

அவள் பரிவோடு பார்த்தாள். "களைச்சுப் போய் வந்திருக்கீங்க. இப்பவே சாப்பிட வேண்டாம், கொஞ்ச நேரம் போகட்டும்," என்றாள்.

எனக்கு இப்பவே பசிக்கிறது என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போனார். அங்கே அவருக்கு ஏற்கெனவே பரிமாறி வைத்திருந்தது.